என் வாசலில் நீங்கள் கவிழ்க்காத கூடை

அக்கா,

நேற்று பிரிஞ்சாங் சந்தைக்குப் போயிருந்தேன். கோஸ் வாங்கப் போனவன் கோஸ் வாங்காமல் திரும்பினேன். ஒரு காய்கறிக் கடை வாசலில் மூங்கில் கூடையைக் கழுவித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெண் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். என் கால் தன்னால் நின்றுவிட்டது. "என்னம்மா குறை?" என்று கேட்டேவிட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கொறையா? ஒன்னும் இல்லலா தாத்தா. கூட ஈரம், காய வச்சிருக்கேன்" என்றாள்.

எனக்கு முகம் எரிந்தது. அந்தப் பெண் உண்மையைத்தான் சொன்னாள். அதே பதிலைப் பொய்யாகச் சொன்னவன் நான். நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு மாதமாகிறது. இருந்தபோது முகத்தைப் பார்த்துச் சொல்லத் துப்பில்லாதவன், இப்போது காகிதத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

நான் இந்தத் தேயிலை மலையிலேயே பிறந்தவன். நீங்கள் கல்யாணம் முடிந்து கப்பலேறி வந்தவர். லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், நமக்கு அடுத்தடுத்த வீடு. உங்கள் ஊர் வழக்கத்தை நீங்கள் சொல்லித்தான் நான் அறிவேன். அங்கே ஒருத்திக்கு அநியாயம் நடந்தால், தண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெரிய வீட்டு வாசலில் கவிழ்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாளாம். வாயைத் திறக்கமாட்டாள். வீட்டுக்காரர் வெளியே வந்து "என்னம்மா குறை?" என்று கேட்க வேண்டும். அப்புறம்தான் பேச்சு. "நாமளே போயி சொன்னா அது பிச்ச தம்பி. அவங்க கேட்டு நாம சொல்லணும்" என்பீர்கள்.

கப்பலில் பானை வரவில்லை, வழக்கம் மட்டும் வந்துவிட்டது. இங்கே பானைக்குப் பதில் கொழுந்துக் கூடை. பெரிய வீட்டு வாசலுக்குப் பதில் பெரட்டுத் திடல், காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கிற இடம். பிள்ளைகளை விடும் ஆயாக் கொட்டகையில் கூரை ஒழுகியபோது அங்கேதான் கூடையைக் கவிழ்த்தீர்கள். கங்காணி பல்லைக் கடித்துக்கொண்டு வந்து கேட்டார். வெள்ளைக்காரத் துரைக்கும் போகப்போக விஷயம் பிடிபட்டுவிட்டது. கவிழ்ந்த கூடையைக் கண்டால் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "என்னா கொறே?" என்பார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரித்தாலும் சரி, கூரை சரியானது.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி உங்களைக் கேவலமாகப் பேசிய ஒரு நாள், அவர் வாசலில் போய்க் கவிழ்க்க வேண்டியதுதானே என்று நான் உசுப்பிவிட்டேன். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். "கேக்கிறவன் வாசல்லதான் கவுக்கணும். கேக்க மாட்டான்னு தெரிஞ்சும் வச்சா நமக்குத்தான் கேவலம்." நான் அதைக் காதில் வாங்கினேனே தவிர மனதில் வாங்கவில்லை.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். துரை இரவோடு இரவாக ஓடிவிட்டார். ரிங்லெட் டவுன் கடையில் இரண்டு வருடம் மூட்டை தூக்கிய புண்ணியத்தில் எனக்கு மலாய் சரளமாக வரும். தோட்டத்துக்கு வந்த ஜப்பான் அதிகாரிக்கும் அரைகுறை மலாய் தெரியும். அவன் சொல்வதைத் தமிழில் சொல்லவும், நாம் சொல்வதை அவனுக்குச் சொல்லவும் என்னை நிறுத்தினார்கள். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது என் பெயர் பட்டியலில் ஏறாததற்கு இந்த மலாய்தான் காரணம். அந்த நாட்களில் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

மாமாவின் பெயர் பட்டியலில் இருந்தது. உங்கள் வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். இந்தக் குளிரில் அவருக்கு எப்போதும் இழுப்பு. இரண்டு வாளி தண்ணீர் தூக்கினாலே நெஞ்சு விசில் அடிக்கும். அவரைக் காட்டில் மண்வெட்ட அனுப்பினால் என்ன ஆகும் என்று லயத்துக்கே தெரியும்.

மறுநாள் காலைப் பெரட்டில் நீங்கள் கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்தீர்கள். மலை முழுக்கப் பனிமூட்டம், தூறல் வேறு. நான் ஓடி வந்தேன்.

"அக்கா, எந்திரிங்க. இவனுக்கு இதெல்லாம் தெரியாது. இவன்கிட்ட குனிஞ்சு கும்புட்டு நேரா சொல்லணும்."

"தெரியாட்டி நீ தெரிய வை. அதுக்குத்தான உன்ன நிறுத்தியிருக்கு?"

அதிகாரி வந்தான். உங்கள் எதிரே நின்றான். பூட்ஸ் முனையால் கூடையைத் தட்டி, "ஆப்பா இத்து?" என்றான். இது என்ன என்று கேட்டான். கேட்டுவிட்டான் அக்கா! கடல் தாண்டி வந்த உங்கள் வழக்கம், ஒரு எழுத்தும் புரியாத அவன் வாயிலிருந்தே கேள்வியை வரவழைத்துவிட்டது. நீங்கள் என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். இவள் புருஷனுக்கு இழுப்பு, அனுப்பாதீர்கள்.

முந்திய வாரம் குறை சொல்லப் போன ஒருத்தன் கன்னத்தில் அறை வாங்கினான். சாயங்காலம் அவன் பெயரும் பட்டியலில் ஏறியது. அது என் கண்முன் வந்து நின்றது. என் தோல் தப்பினால் போதும் என்று இருந்தது. "ஜெமூர், துவான்" என்றேன். கூடையைக் காய வைத்திருக்கிறாள் ஐயா என்று அர்த்தம்.

அந்தத் தூறலில்! அவன் வானத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். போய்விட்டான்.

"சொல்லிட்டேன்க்கா, மசிய மாட்டேங்கிறான்" என்றேன் உங்களிடம். ஒரு பொய்க்கு மேல் இன்னொன்று. நீங்கள் "சரி தம்பி" என்றீர்கள். கூடையை நிமிர்த்தி முதுகில் மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனீர்கள்.

மூன்றாம் நாள் லோரி வந்தது. ஏறும்போதே மாமாவுக்கு மூச்சு வாங்கியது. பக்கத்தில் நின்ற என் தோளைத் தட்டி, "எனக்காகப் பேசுனியாமேடா. அந்த மனசு போதும். அக்காவப் பாத்துக்க" என்றார். அங்கேயே நான் செத்துத் தொலைந்திருக்கலாம். அவர் திரும்பி வரவில்லை. எங்கே புதைத்தார்கள் என்றுகூடத் தெரியவில்லை.

சொல்லியிருந்தால் அவன் விட்டிருப்பானா? விட்டிருக்கமாட்டான் என்று ஆயிரம் தடவை எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அவனிடம் சொல்லிப் பார்த்தவனுக்குத்தான் அந்தச் சமாதானம் செல்லும், எனக்குச் செல்லாது.

சண்டை முடிந்து தொழிலாளர் சங்கம் வந்தது. குறை இருந்தால் கடிதம் எழுதிப் போட வேண்டும் என்றார்கள். தோட்டத்தில் எல்லாருக்கும் நான்தான் எழுதினேன், ஒரு சொல் விடாமல், ஒரு சொல் மழுப்பாமல். பிராயச்சித்தம் என்று நினைப்பு! நீங்கள் மட்டும் எழுதச் சொல்லி வந்ததே இல்லை. "மூஞ்சியப் பாக்காம கடுதாசியில என்னத்தடா சொல்றது?" என்று சிரித்தீர்கள். நானும் கூடச் சிரித்தேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்த்தேன். கட்டிலோரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "அன்னிக்கி வெயிலே இல்லியே தம்பி" என்றீர்கள்.

நான் ஆரஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

"இந்த ஊருக்கு வந்து துணி காய வச்சவளுக்கு 'ஜெமூர்'ங்கிற அந்த ஒரு சொல்லு தெரியாதா? மத்தத எடுத்துச் சொல்லத்தான் எனக்கு மலாய் இல்லாமப் போச்சு." கோபமே இல்லாமல் சொன்னீர்கள். அப்புறம் ஒரு சுளை கேட்டீர்கள். கொடுத்தேன்.

எத்தனை வருடம் அடுத்தடுத்த வீட்டில் இருந்தோம் அக்கா! அந்த நாளிலிருந்து தினமும் காலையில் பயந்து பயந்துதான் கதவைத் திறந்தேன், உங்கள் கூடை என் வாசலில் கவிழ்ந்திருக்குமோ என்று. ஒரு நாளும் இல்லை. உங்களுக்கு விஷயம் தெரியாது என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன், மடையன். ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. உங்களுக்கு எல்லாம் தெரியும். கேட்கிறவன் வாசலில்தான் கவிழ்க்க வேண்டும் என்று சொன்னவர் நீங்கள்.

இனிமேல் கவிழ்க்கவும் ஆளில்லை. ஆனாலும் இன்று காலை கதவைத் திறந்ததும் என் கண் முதலில் படியைத்தான் பார்த்தது. "என்னக்கா குறை?" என்று வாய்விட்டே கேட்டேன். படியில் ஒன்றும் இல்லை.