ஐரிஸ் இனி தூது போகமாட்டாள்

மார்ச் 3

அன்பு அப்பாவுக்கு,

நலம். வயிற்றில் இருப்பதும் நலமாக உதைக்கிறது. அதற்குப் பெயர் தேடப் புத்தகம் ஒன்று வாங்கினேன். முதலில் பார்த்தது என் பெயரைத்தான். ஐரிஸ்: கிரேக்கப் புராணத்தில் வானவில் தேவதை, தேவர்களுக்குத் தூது போகிறவள். நல்லாத்தான் பார்த்து வெச்சீங்க!

நீங்கள் அந்த ஊர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போன நாளிலிருந்து எனக்கு அதுதானே வேலை? "அம்மாகிட்ட சொல்லு, மாத்திரையை மறந்துடப் போறா." "அந்த மனுஷன்கிட்ட சொல்லு, ஸ்வெட்டர் இல்லாம கிரேன்ல ஏற வேணாம்னு." தூது போய்ப் போய்க் கால் தேய்ந்துவிட்டது. உங்கள் கடிதம் வந்தால் அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு, நான் படித்து முடிக்கும்வரை ஊசியில் நூல் கோர்ப்பதுபோல் பாசாங்கு செய்கிறாள். எனக்குத் தாங்கவில்லை அப்பா. குழந்தை வரும்போது நீங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நிற்கவேண்டும். இனி நான் எதையும் சொல்லமாட்டேன். நீங்களே எழுதுங்கள்.

ஐரிஸ்

மார்ச் 20

என் கண்ணுக்கு,

கோபத்தில் அப்படியே உன் அம்மா.

தெரிந்துதான் அந்தப் பெயரை வைத்தேன். நீ பிறப்பதற்கு முன் நம் ஊர்த் துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பலின் பெயர் அது. விண்ணுக்கும் மண்ணுக்கும் நடுவே செய்தியோடு ஓடுகிறவள் என்று அதன் மாலுமி கதை சொன்னார். நீ பிறந்தபோதும் எங்களுக்குள் பேச்சில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருந்தேன். நர்ஸ் உன்னைத் தூக்கிவந்து, "மூக்கு உங்களோடதுதான்னு உங்க வீட்டம்மா சொல்லச் சொன்னாங்க" என்றாள். அழுதுவிட்டேன். நீ கொண்டுவந்த முதல் தூது அது.

அவளைக் கேட்காமல் இந்த வேலைக்குக் கிளம்பி வந்தேன். எந்த முகத்தோடு எழுதுவது? 'வாங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கே ரயில் ஏறுவேன். அம்மாகிட்ட இதைச் சொ... சரி, வேண்டாம்.

அப்பா

ஏப்ரல் 2

அப்பா,

சொல்லவில்லை. உங்கள் கடிதத்தை மெஷின் மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயந்திரம் அது அங்கே இல்லை. கேட்டால் "எந்தக் கடிதம்?" என்கிறாள், கல்லுளிமங்கி!

ஐரிஸ்

மே 11

ஐரிஸின் அப்பாவுக்கு,

உங்கள் பெண்ணுக்குப் பெண் பிறந்திருக்கிறாள். இருவரும் சௌக்கியம். யாரிடமும் சொல்லி அனுப்பாமல் நானே எழுதுகிறேன். எழுத வராமல் எத்தனையோ தாளைக் கிழித்துப் போட்டேன்.

கோபம் போகவில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும். ஸ்வெட்டர் பின்னி வைத்திருக்கிறேன், பழைய அளவுதான். இளைத்திருந்தால் உங்கள் பாடு. தபாலில் அனுப்புவதாக இல்லை.

மூக்கு உங்களுடையதுதான்.

வாங்க.

இப்படிக்கு,
நான்தான்