உப்பும் சர்க்கரையும் சேர்ந்து வந்தால் திறக்கும் கதவு

1983, பங்குனி 9

ஏழு மணிக்கே வெயில் முதுகில். கோழிப்பண்ணைக் காவலுக்குப் போகவில்லை. வீட்டுக்காரி பாவாயிக்கு விடியலிலிருந்து வயிற்றுப்போக்கு. ஏழு தடவை. மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருக்கிறாள். நோன்பு முடிய இன்னும் ஐந்து நாள், அதுவரை உப்புத் தொடமாட்டாள். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். நிற்கவில்லை.

பக்கத்து வீட்டு ராமாயி: "தண்ணி குடுத்தா இன்னும் போகுமுங்க. நிறுத்துங்க."

நிறுத்தவா? உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கட்டிலுக்கும் நடை. எழுதினால் கை மட்டுமாவது ஒரு இடத்தில் இருக்கிறது. இந்த வயதில் எழுதப் பழகுகிறேன், 'ழ' இன்று நன்றாக வந்தது.

அதே நாள், மதியம்

நர்ஸம்மா சைக்கிளில் வந்தார். பாவாயியின் தோலைக் கிள்ளிப் பார்த்தார். மெதுவாகத்தான் இறங்கியது. "தண்ணிய நிறுத்தவே கூடாதுங்க. உப்பும் சேரோணும். பொழுதுக்குள்ள தெளியலீன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கியாந்துருங்க."

பாவாயி: "செத்தாலும் உப்புத் தொடமாட்டனுங்க."

வாசலில் கேட்டேன், சர்க்கரை மட்டும் போதாதா என்று. நர்ஸம்மா இரு மணிக்கட்டையும் ஒட்டி, விரல்களை விரித்துக் காட்டினார். குடல் சுவரில் இப்படிப் புரதங்களாம், கண்ணுக்குத் தெரியாதவை. உப்பும் சர்க்கரையும் சேர்ந்து வந்து உட்கார்ந்தால் புரதம் தன் உருவத்தையே மாற்றிக்கொள்ளும். விரல்களை மூடினார், மணிக்கட்டைப் பிரித்தார். இரண்டும் உள்ளே. பின்னாலேயே தண்ணீர். பிறகு பழைய உருவம்.

"சர்க்கரை மட்டும் வந்தா?"

"வாசல்லயே நிக்குமுங்க."

பண்ணைக் கொட்டகைக்கும் இரண்டு கதவு. ஒன்றைச் சாத்தித்தான் மற்றதைத் திறக்க வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். இது தானாகவே மாறுகிறது! எனக்குள்ளும்! அறுபத்தெட்டு வயதில் தெரிகிறது.

கொதித்து ஆறிய தண்ணீர் 1 லி.
சர்க்கரை 6 ஸ்பூன், தலை தட்டி.
உப்பு ½ ஸ்பூன். கூடக் கூடாது.

போட்டேன். அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு எழுத்துத் தெரியாது, அதனால் இங்கே சொல்லலாம். ஆத்தா, பாவம் என் தலையில்.

பங்குனி 10

மேகம். மழை இல்லை. நேற்று பொழுது சாய்வதற்குள் சிறுநீர் போனாள். கண் தெளிந்தது. இன்று போக்கு இரண்டே தடவை. சந்தோஷம். ஆனால் அவள் கையிலுள்ள காப்பைப் பார்க்க முடியவில்லை. மறுபடி நடை, உள்ளே, வெளியே, உள்ளே. கை மட்டும் அந்தக் கதவைச் செய்துகொண்டே இருக்கிறது.

ராமாயி: "பெரியவரு கும்புடறாரு, பிரிக்கறாரு, மறுக்காக் கும்புடறாரு. என்னாச்சுங்க இவுருக்கு?"

பங்குனி 11

வெயில். பாவாயி கஞ்சி குடித்தாள், உப்பில்லாமல்.

"ஏனுங்க, ரெண்டு நாளா என்ன எழுதறீங்க? படிங்க."

எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'தலை தட்டி' வரை வந்து நிறுத்தினேன்.

"அப்பறம்?"

"அவ்வளவுதான் புள்ள."

"உப்புன்னு படிங்க. மொத மொடக்குலயே என்ற நாக்குக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் குடிச்ச?"

"நீங்க நடந்த நடையப் பாத்தனுங்க. ஆத்தாளுக்கு நாஞ் சொல்லிக்கறேன். அந்தக் கதவக் காட்டுங்க."

காட்டினேன். "இன்னொருக்கா" என்கிறாள். பென்சிலைக் கீழே வைக்க வேண்டும், இரண்டு கையும் வேண்டுமே