கொட்டியது குளவி அல்ல

மார்ச் 4, செவ்வாய்

மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது புறங்கையில் சுருக்கென்று ஒன்று கொட்டியது. கை பன் மாதிரி வீங்கிவிட்டது. மருந்துக்கடைக்காரர் ஒரு அட்டையால் வழித்து, கறுப்பாக ஒரு முள்ளை எடுத்துக் காட்டினார். "கொடுக்கை விட்டுட்டுப் போயிருக்குன்னா தேனீதாங்க. குளவி கொட்டிட்டுக் கொடுக்கோட பறந்துடும்."

வீட்டுக்கு வந்து "குளவி" என்றேன். தேனீ என்றால் யார் பாத்திரம் கழுவித் தருவார்கள்?

மார்ச் 5, புதன்

என்னவர் கழுவினார். என்ன சுகம்! இரண்டாம் மாடி டீச்சர் நலம் விசாரிக்க வந்தார். ஒரு குளவி மூன்றானது. அவர் வாயில் இந்நேரம் ஐந்தாகியிருக்கும்.

மார்ச் 6, வியாழன்

விபரீதம். என் வீட்டுக்காரர்தானே குடியிருப்புச் சங்கச் செயலாளர்! தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இருந்த ஒரு கூட்டைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, ஞாயிறன்று மருந்தடிக்க ஆள் சொல்லிவிட்டார். படிக்கட்டில் அறிவிப்பு: "குளவி ஒழிப்பு". காரணம் நான்.

மார்ச் 7, வெள்ளி

எதிர் வீட்டு ஓரகத்தி காலையிலேயே மாடிக்கு இழுத்துப் போனாள், தன் பூசணிக் கொடியைக் காட்ட. "போன வருஷம் பிஞ்செல்லாம் மஞ்சளாகி உதிர்ந்துச்சே, ஞாபகம் இருக்காக்கா? பிரஷ்ஷை வச்சு ஆண் பூவிலிருந்து பெண் பூவுக்கு மகரந்தம் தடவிக்கிட்டு அலைஞ்சேனே! இப்போ பாருங்க, ஏழு நின்னிருக்கு. எல்லாம் இதுங்க வேலை."

பூவுக்குள் ஒன்று புரண்டுகொண்டிருந்தது. உடம்பெல்லாம் ரோமம், பின்னங்காலில் மஞ்சள் மூட்டை. குளவி வழவழவென்று இருக்கும், இடுப்பு ஒடிந்துவிழுகிற மாதிரி. இதற்கு என்னைப் போலவே இடுப்பு என்று ஒன்று இல்லை.

லிஃப்டில் போகிறவள், அறிவிப்பைப் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஏன்? வெட்கம், வேறென்ன.

மார்ச் 8, சனி

சொல்லிடலாம்னு மூணு தடவை வாயெடுத்தேன். மூணு தடவையும் மனுஷன் பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தாரு!

மார்ச் 9, ஞாயிறு

மருந்தடிப்பவர் முதுகில் டப்பாவோடு மாடி ஏறிவிட்டார். மூச்சிரைக்கப் பின்னால் ஓடினேன். சங்கத்தில் பாதி அங்கே நின்றிருந்தது.

"நிறுத்துங்க! அது தேனீ. எனக்கு அன்னிக்கே தெரியும்!"

"அஞ்சு குளவின்னீங்களே?" என்றார் டீச்சர்.

மருந்தடிப்பவர் குனிந்து பார்த்து, "தேன்கூடுதாங்க" என்று குழாயை இறக்கினார். என்னவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அப்போ அஞ்சு நாளா நான் கழுவின பாத்திரம்?"

எல்லாரும் சிரித்தார்கள், ஓரகத்தியைத் தவிர. "முந்தாநாள் மாடியிலகூட என்கிட்ட சொல்லலையேக்கா."

கூடு இருக்கட்டும், துணிக்கொடியை மறுகோடிக்கு மாற்றுவோம் என்று முடிவானது. அவள் இறங்கிப் போனாள். லிஃப்டில் இல்லை, படிக்கட்டில். அறிவிப்பை நின்று படித்திருப்பாள்.

மார்ச் 16, ஞாயிறு

ஓரகத்தி இன்னும் என்னோடு பேசவில்லை. பிஞ்சுகள் பெருத்திருக்கின்றன.

ஏப்ரல் 20, ஞாயிறு

இப்போதெல்லாம் அவள் பூசணிக்கு நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன்; இன்று ஊற்றும்போது இன்னொரு தேனீ கொட்டியது. அட்டையால் நானே வழித்தெடுத்தேன், யாரிடமும் மூச்சுவிடவில்லை. வீங்கிய கையோடு இரண்டு வீட்டுப் பாத்திரத்தையும் கழுவினேன். பக்கத்தில் ஓரகத்தி முதல் பூசணியை வெட்டிக்கொண்டிருந்தாள்.