கனகம்மாசத்திரத்தில் நின்ற பேருந்து

ஆவணி, வெள்ளிக்கிழமை இரவு

கல்யாண வீட்டாரை முருகன் மலைக்கோயிலுக்கு ஏற்றிவந்த என் சுற்றுலாப் பேருந்து, காலையில் கனகம்மாசத்திரத்தில் கிளட்ச் போய் நின்றுவிட்டது. முகூர்த்தம் நெருங்க நெருங்கப் பெண்ணின் அம்மா அழ ஆரம்பித்தார். பேருந்து உரிமையாளர் சங்கத்துக்குப் போன் செய்தேன். முனிரத்தினம் அண்ணன் தன் பேருந்தைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். போன மாதம் என்னை உறுப்பினராகச் சேர்த்தபோது, "பொம்பளைக்கு எதுக்கு சங்கம்?" என்று எதிர்த்தவர் அவர்தான்.

"நீங்க வருவீங்கன்னு நெனைக்கலண்ணா."

"சங்கத்து வண்டி ரோட்ல நின்னுகினு இருந்தா, நான் வூட்ல குந்திகினு இருக்கறதா? ஜனங்கள ஏத்தும்மா!"

தாலி நல்ல நேரத்தில் ஏறியது. அண்ணன் சாப்பிடக்கூட நிற்கவில்லை. நான் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் வண்டியைத் திருப்பிவிட்டார். நாளை அவர் வீட்டுக்கே போய்ச் சொல்ல வேண்டும். முருகா, அந்த மனுஷனுக்கு ஒரு குறையும் வைக்காதே.