கோலாமீன் உட்கார்ந்திருந்த சாயங்காலம்

செத்துக் கிடந்த என்னைக் கணக்கில்லாத தடவை எழுப்பிவிட்ட என் மாப்ள சாதிக்குக்கு,

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீ இருந்தபோது எழுத வேண்டிய தேவையே வந்ததில்லை. பேச்சு, ஏச்சு, நலம் விசாரிப்பு எல்லாமே நம் விளையாட்டின் சாட் பெட்டிக்குள்தான். இப்போது அந்தப் பெட்டியும் போய்விட்டது. போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் நம்முடைய பழைய சர்வரை மூடிவிட்டார்கள். அது எப்படி முடிந்தது என்று உன்னிடம் சொல்லாமல் எனக்கு வேலை ஓடவில்லை.

இதைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்காக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். சாதிக் கோட்டைப்பட்டினத்துக்காரன், நான் புதுக்கோட்டை. காலேஜில் ஒரே பெஞ்ச். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரில்தான் இரண்டு பேரும் அந்த ஆன்லைன் விளையாட்டில் விழுந்தோம். வாள், மந்திரம், ராட்சதர்கள், குகைகள் என்று ஒரு கற்பனை உலகம். எங்கெங்கோ இருப்பவர்கள் ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு உள்ளே வந்து ஆடுவார்கள். நான் வாள்வீரன், பெயர் இடிமுழக்கம். இவன் வைத்தியன், பெயர் கோலாமீன். நான் முதல் ஆளாக ஓடிப்போய் முதல் ஆளாகச் சாவேன். இவன் வந்து எழுப்புவான். படிப்பு முடிந்து இவன் துபாய்க்குப் போனான். நான் கீழ ராஜ வீதியில் ஒரு பெயிண்ட் கடையில் பில் போட உட்கார்ந்தேன். விளையாட்டு கம்ப்யூட்டரிலிருந்து போனுக்கு மாறியது, நாங்களும் கூடவே மாறினோம். போன வருஷம் இவன் அங்கேயே இறந்துபோனான், அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

சரி மாப்ள, இனி நாம் பேசுவோம்.

எனக்கு அலுத்துவிட்டது. விளையாட்டைச் சொல்கிறேன். முன்பெல்லாம் ஒரு குகைக்குப் போக வேண்டுமென்றால் ஊர்ச் சந்தையில் நின்று கூவ வேண்டும். "வைத்தியர் இருக்கிறார், கேடயக்காரர் யாராவது வாங்க" என்று அரைகுறை இங்கிலீஷில் கெஞ்ச வேண்டும். பிலிப்பைன்ஸ்காரன் ஒருத்தன், பிரேசில்காரி ஒருத்தி என்று ஆள் சேர்ந்ததும் எல்லோரும் ஒன்றாக நடக்க வேண்டும். நீலப் பறவைகள் மேயும் அந்தச் சின்ன ஊருக்கு, நம் பக்கத்து மயில்களை நினைத்து, விராலிமலை என்று பெயர் வைத்தாய். ஒற்றைப் பாறையும் அடியில் கோயில் வாசலுமாக இருந்த குகைக்குக் குடுமியான்மலை. நாம் வைத்த பெயர்களை அந்தப் பிரேசில்காரியும் சொல்லப் பழகினாள், ஞாபகம் இருக்கிறதா? அவள் வாயில் "குடுமி" என்னவாக வந்திருக்கும் என்று யோசித்து யோசித்துச் சிரிப்பாய்.

இப்போது நடக்கிறவர் யார்? ஒரு தட்டு தட்டினால் குகைக்குள் நிற்கிறோம். கூட நிற்பவர்கள் யாரென்று தெரியாது. பாதிப் பேர் மனிதர்களே இல்லை, ஆள் குறைந்தால் கம்பெனியே பொம்மைகளை நிரப்பிவிடுகிறது. வணக்கம் சொன்னால் பதில் வராது. யார் பொம்மை, யார் பேசாத மனிதன் என்று பிரித்துப் பார்க்கவும் எனக்குத் தெம்பில்லை. சாவதற்கும் மரியாதை போய்விட்டது. அப்போது செத்தால் விழுந்த இடத்திலேயே கிடந்து வைத்தியனுக்காகக் காத்திருப்போம். இப்போது காசுக்கு விற்கும் வைரத்தைக் கொடு, உடனே எழுந்திரு என்று பட்டன் வருகிறது. காசு கொடுத்தவனுக்கு முதுகில் சிறகு. தினமும் வருகைப் பதிவு வேறு. கடையில் ஒரு வருகைப் பதிவு, போனுக்குள் இன்னொன்று. திரை முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். அதையெல்லாம் அணைத்து முடிப்பதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்துவிடுகிறது.

பழையது எல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. கரண்ட் போய் நாம் பாடுபட்டுச் சேர்த்ததெல்லாம் போன நாள் எனக்கு மறக்கவில்லை. யுபிஎஸ் கத்தக் கத்த நீ அந்த சென்டர்காரரிடம் சண்டைக்கு நின்றாய். தெரியாதவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவதையும் நாம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். எல்லாம் உண்டு. ஆனால் ஒருவன் சும்மா நின்றால் மற்றவர்கள் நின்றார்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் கோலாமீனைக் குகை வாசலில் உட்கார வைத்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போவாய். நீ வரும்வரை நாங்களும் எங்கள் ஆட்களை உட்கார வைத்துவிடுவோம். முதல் தடவை பிலிப்பைன்ஸ்காரன் ஏன் என்று கேட்டான். "வைத்தியர் தொழப் போயிருக்கிறார்" என்று டைப் அடித்தேன். அதற்கப்புறம் அவன் கேட்டதே இல்லை. நீ உட்கார்ந்தால் அவனும் உட்கார்ந்துவிடுவான். ஒரு நாள் நீ வெற்றிலை பாக்கு வாங்கப் போனதற்கும் எல்லோரும் பயபக்தியோடு உட்கார்ந்திருந்தோம்.

பிறகு அந்த மாற்றம் வந்தது. அசையாமல் இருப்பவனை ஆட்டமே வெளியே தள்ளிவிடும் என்றார்கள். கூடவே ஆட்டோ பட்டன் வந்தது. அதை அமுக்கிவிட்டால் நம் ஆள் தானாக நடப்பான், தானாக அடிப்பான், தானாக வைத்தியம் பார்ப்பான். தள்ளிவிடப் போகிறார்களே என்று நீயும் தொழுகைக்கு எழும்போது ஆட்டோ போடப் பழகினாய். அப்புறம் சாப்பிடப் போகும்போது போட்டாய். அப்புறம் தூங்கும்போதும் போட்டாய். நான் மட்டும் யோக்கியனா? கல்லாவுக்கு அடியில் போனைச் சாத்தி வைத்துவிட்டுப் பெயிண்ட் டப்பா எண்ணிக்கொண்டிருப்பேன்.

போன வருஷம் அந்த வெள்ளிக்கிழமை உனக்கு லீவு. ஜும்மா தொழுதுவிட்டு, சாப்பிட்டுவிட்டு, படுத்திருக்கிறாய். சாயங்காலம் கடையில் கூட்டம் குறைந்ததும் நான் உள்ளே வந்தேன். உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. குடுமியான்மலைக்குள் சேர்ந்து போனோம். நான் விழுந்தபோதெல்லாம் கோலாமீன் எழுப்பியது. அந்தப் பெரிய ராட்சதனை அன்றுதான் வீழ்த்தினோம். "மாப்ள, பாத்தியாடா" என்று அடித்தேன். பதில் இல்லை. "ஆட்டோவப் போட்டுட்டுத் தூங்குறியா? தூங்குடா தூங்கு. நாளைக்கு ஒனக்கு இருக்கு" என்று அடித்துவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் உன் தம்பி போன் செய்தார். தூக்கத்திலேயே போயிருக்கிறாய், மதியமே போயிருக்கிறாய். யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னாராம். அதை நம்புகிறேன். ஆனால் மாப்ள, நீ இல்லாமல் போன பிறகு உன்னோடு ஆடி ஜெயித்து, அதற்குச் சிரித்திருக்கிறேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது? பழைய ஆட்டமாக இருந்திருந்தால் கோலாமீன் நின்ற இடத்தில் நின்றிருக்கும். ஏன் நிற்கிறான் என்று உனக்கு ஒரு போன் போட்டிருப்பேன். உன் ரூமில் இருந்த யாராவது எடுத்திருப்பார்கள். அவ்வளவுதான் நடந்திருக்கும். அந்த அவ்வளவுகூட நடக்கவில்லையே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

அந்த விளையாட்டை அழித்துவிட நினைத்தேன். கை வரவில்லை. மாசங்கள் கழிந்தன. ஒரு நாள் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கிறேன், உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு. எவனோ உன் கணக்கைத் திருடிவிட்டான் என்றுதான் நினைத்தேன். "யாருடா நீ?" என்று அடித்தேன். கோலாமீன் பதில் சொல்லாமல் ஒரு வயல்வெளியில் பன்றிகளை அடித்துக்கொண்டிருந்தது. நேரே உன் மனைவி நூர்ஜகானுக்குப் போன் செய்து, உன் போன் யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன்.

"எங்கிட்டதாண்ணே இருக்கு. நாந்தாண்ணே அது" என்றாள்.

உன் பெட்டியோடு போனும் வந்திருந்ததாம். கணவனை இழந்ததற்காக வீட்டோடு இத்தா இருந்த நாள்களில் வெளியே போக முடியாமல், வந்தவர்களிடம் பேசவும் பிடிக்காமல், அதை எடுத்துப் பார்த்திருக்கிறாள். உன் மகள் பூட்டைத் திறந்து கொடுத்திருக்கிறாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. இந்தப் பட்டனத் தட்டுனா அவுகளா போறாக, அவுகளா சண்ட போடுறாக. நான் பாத்துக்கிட்டு இருப்பேன். சோறு வடிக்கயில ஜன்னல்ல சாத்தி வச்சுக்குவேன். தப்பாண்ணே?"

எந்தப் பட்டனை நான் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தேனோ, அதை வைத்துக்கொண்டு அவள் உன்னோடு சமையல் செய்துகொண்டிருக்கிறாள். "தப்பில்ல தங்கச்சி, நல்லாப் பாத்துக்க" என்றேன். அதற்கப்புறம் தினமும் மதியம் போய் அந்த வயல்வெளியில் கோலாமீனுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் பன்றி அடித்துவிட்டு வருவேன். அவள் சாட்டில் ஒன்றும் அடிக்கமாட்டாள். நானும் ஒன்றும் அடிக்கமாட்டேன்.

போன மாசம் அறிவிப்பு வந்தது. பழைய சர்வரை மூடுகிறார்கள். புதிய உலகத்துக்குப் போக வேண்டுமென்றால் பதிவு செய்த நம்பருக்கு வரும் ஓடிபியைப் போட வேண்டும். உன் நம்பர் துபாய் நம்பர். கூப்பிட்டுப் பார்த்தேன். நம்பரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்போல, யாரோ ஒரு வங்காளி எடுத்தார். நான் சொன்னது அவருக்குப் புரியவில்லை, அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை. கம்பெனிக்கு எழுதினேன். இறந்தவரின் மனைவி கேட்கிறார் என்று எழுதினேன். "உங்கள் சாகசம் இனிதே தொடர வாழ்த்துகள்" என்று பதில் வந்தது. அதை எழுதியதும் ஒரு பொம்மையாகத்தான் இருக்கும். திரும்பவும் எழுதினேன், அதே வாழ்த்து.

நூர்ஜகானிடம் சொன்னேன். அழுவாள் என்று பயந்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்ப கடைசியா ஒரு தடவ, அவுக ஆடுறாப்ல ஆடணும்ணே. அந்தப் பட்டன அணச்சிரலாமா?"

போன வெள்ளிக்கிழமை மதியத்தோடு கடைக்கு லீவு சொன்னேன். போனில் அவளிடம் பேசிக்கொண்டே ஆரம்பித்தோம். விராலிமலையிலிருந்து குடுமியான்மலைக்கு, தட்டித் தாவாமல், நடந்தே. மாப்ள, நீ பார்த்திருக்க வேண்டும். கோலாமீன் சுவரில் முட்டியது. சந்தையைச் சுற்றிச் சுற்றி வந்தது. பாலத்தில் ஏறச் சொன்னால் ஆற்றில் இறங்கியது.

"இங்கிட்டு இல்ல தங்கச்சி, அங்கிட்டு. ஒன் வலது கைப் பக்கம்."

"வலதுதாண்ணே தள்ளுறேன். இவுக நான் சொன்னத என்னைக்குக் கேட்டாக?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

வழியில் நான் இரண்டு தடவை செத்தேன். எழுப்புகிற பட்டன் எது என்று தேடித் தேடி எழுப்பினாள். நான் வைரம் கொடுக்காமல் விழுந்தே கிடந்தேன். குகை வாசலுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்து, அவள் வீட்டுப் பக்கம் மஃரிபுக்குப் பாங்கு சொல்வது போனில் கேட்டது.

"அண்ணே, பாங்கு சொல்றாக. இவுகள உக்கார வைக்கிறது எந்தப் பட்டன்?"

சொன்னேன். கோலாமீன் வாசல் ஓரமாக உட்கார்ந்தது. அவள் போனை வைத்துவிட்டுத் தொழப் போனாள். நானும் இடிமுழக்கத்தைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். மேலே சிறகுக்காரர்கள் பறந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தன் இறங்கி, இங்கே என்ன போட்டியா என்று கேட்டான். "வைத்தியர் தொழப் போயிருக்கிறார்" என்று அடித்தேன். அவனுக்கு என்ன புரிந்ததோ, சிறகை மடக்கி உட்கார்ந்தான். அவனைப் பார்த்து இன்னொருத்தன் உட்கார்ந்தான். அப்புறம் ஒரு கூட்டமே வந்து உட்கார்ந்தது. ஏதோ பரிசு கிடைக்கும் என்று நினைத்திருப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். உனக்காக இத்தனை பேர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

அப்படியே இருக்கும்போது திரை கருத்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் நூர்ஜகான் கூப்பிட்டாள்.

"முடிஞ்சிருச்சாண்ணே?"

"முடிஞ்சிருச்சு தங்கச்சி."

"உக்காந்துதான இருந்தாக?"

"உக்காந்துதான் இருந்தான்."

"யாரும் வெளிய தள்ளி விடலயே?"

"இல்லம்மா. எல்லாரும் காத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க."

நல்லது என்றாள். மகளுக்குச் சோறு போட வேண்டும் என்று போனை வைத்தாள். நான் வீட்டு மொட்டைமாடியில் அந்தக் கருத்த திரையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், மாப்ள. உன் மவுத்துச் செய்தி வந்த அன்று வராத அழுகை அது.

இடிமுழக்கம் புதிய உலகத்துக்குப் போய்விட்டான். ஓடிபி என் போனுக்குத்தானே வரும். எத்தனை நாள் ஆடுவேன் என்று தெரியாது, கண்ணும் முதுகும் கெஞ்சுகின்றன. ஆனால் ஆடுகிற வரைக்கும் உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். கூட ஆடுகிறவன் யாராக இருந்தாலும், கூப்பிட்டுப் பதில் வரவில்லையென்றால், குகையில் எந்த ராட்சதன் எதிரே நின்றாலும் வாளை இறக்கிவிடுவேன். என்னை வெளியே தள்ளினாலும் பரவாயில்லை. பதில் சொல்லாத ஒருவனோடு சேர்ந்து இனி நான் ஜெயிக்கமாட்டேன்.

இப்படிக்கு,
நீ தொழுது முடித்து வரும்வரை வாசலில் உட்கார்ந்திருக்கும்
உன் மச்சான் முருகேசன்,
புதுக்கோட்டை.