யாருக்காக இளைக்கிறீர்கள்?

பிப்ரவரி 9

என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நானும் குட்டியும் நலம். நீங்கள் நலமா என்று கேட்கத்தான் பயமாக இருக்கிறது.

போனில் கேட்டால் "ம்" என்பீர்கள், இல்லையென்றால் "அப்புறம் பேசறேன்" என்பீர்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்தில் "ம்" போட்டு என்னை ஓரங்கட்ட முடியாது.

இடுப்பு மூன்று அங்குலம் குறைத்துப் புது பேண்ட் தைத்து அனுப்பச் சொன்னீர்களே, அதென்ன கூத்து? கல்யாணமான நாளிலிருந்து உங்களுக்கு நான்தான் தைக்கிறேன். இத்தனை வருஷத்தில் என் டேப் உங்கள் இடுப்பில் முன்னால்தான் போயிருக்கிறது, ஒரு தடவைகூடப் பின்னால் வந்ததில்லை. மூலைக்கடைக்குப் போய் நூல்கண்டு வாங்கி வாருங்கள் என்றால், "மழை வர்ற மாதிரி இருக்கு" என்று வெயிலில் நின்று சொன்ன மனுஷன் நீங்கள்.

சர்க்கரை வந்துவிட்டதா? டப்பாவில் விற்கிற பொடி எதையாவது கரைத்துக் குடிக்கிறீர்களா? பக்கத்துத் தெரு போட்டோக்காரர் அப்படித்தான் ஒரு பொடியைக் குடித்து, இளைக்கிறேன் இளைக்கிறேன் என்று கடைசியில் தலைமுடி கொட்டி நிற்கிறார். இல்லை, வேறு ஏதாவதா? உங்கள் கிடங்கு லாரி டிரைவர் துணி மூட்டையை வாங்க வந்தபோது, "அண்ணன் சாயங்காலம் ஆனா ஆளையே பாக்க முடியறதில்லக்கா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்கவில்லை.

நான் பழைய அளவிலேயே தைத்து அனுப்பியிருக்கிறேன். விஷயம் தெரியாமல் கத்தரிக்கோலைத் தொட மாட்டேன்.

உங்கள்
வீட்டுக்காரி


பிப்ரவரி 20

அன்புள்ள மகாராணிக்கு,

கடிதம் கிடைத்தது, திட்டும் கிடைத்தது. பேண்டும் கிடைத்தது. போட்டேன், நின்றேன், அது மட்டும் தரையில் உட்கார்ந்துவிட்டது. நம்பு தாயே, நான் இளைத்திருக்கிறேன்.

சர்க்கரை இல்லை, பொடியும் இல்லை. கம்பெனியில் வருஷா வருஷம் எல்லோரையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச் சோதிப்பார்களே, அங்கே டாக்டரம்மா என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "உள்ள யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்கள். அவமானமாகிவிட்டது. அன்றிலிருந்துதான்.

பட்டினி கிடக்கவில்லை, பயப்படாதே. தட்டில் பாதி காய்கறி, கால்வாசி சோறு, மிச்சத்தில் பருப்போ முட்டையோ மீனோ. நார்ச்சத்து வயிற்றை நிரப்புகிறது, புரதம் பசியைத் தள்ளிப்போடுகிறது. டீயில் சர்க்கரை நிறுத்தி ஒரு வாரம் உலகமே கசந்தது, இப்போது பழகிவிட்டது. கிடங்கில் நாற்காலியை விட்டு எழுந்து, அடுக்கடுக்காக நடந்துபோய்ச் சரக்கை எண்ணுகிறேன். அறைக்கு லிஃப்டில் ஏறுவதில்லை. முதல் நாள் இரண்டாவது மாடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழ்வீட்டுக்காரர் பால் பாக்கெட்டோடு வந்து, "ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா?" என்றார். இப்போது நாலாவது மாடி வரை பேசிக்கொண்டே ஏறுகிறேன்.

மாதத்துக்கு இரண்டு கிலோ குறைந்தால் போதும், அதற்கு மேல் அவசரப்படக்கூடாது என்றிருக்கிறார்கள். சாயங்காலம் நடக்கப் போகிறேன், அதுதான் டிரைவர் தம்பி கண்ட ரகசியம். புது அளவில் தைத்து அனுப்பு.

உன்
பாதி மனுஷன்


மார்ச் 3

பாதி மனுஷனுக்கு,

மீதிப் பாதி எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி.

உங்கள் கடிதத்தைக் குட்டிக்குப் படித்துக் காட்டினேன். "அப்பா சூப்பர்மா" என்று குதிக்கிறாள். அவளுக்கென்ன, காலேஜ் படிக்கிற பெண், உலகம் தெரியாது. எனக்கு உங்களைத் தெரியும். "நார்ச்சத்து", "புரதம்" எல்லாம் உங்கள் வாயில் வருகிற வார்த்தையா? சாப்பாட்டைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததே இரண்டு வார்த்தை: "இன்னும் கொஞ்சம்". யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த யாரோ யார்?

டிரைவரைத் திரும்பக் கேட்டேன். குடைந்து குடைந்துதான் கேட்டேன், வெட்கமில்லை. பாவம், அவர் உங்களைக் காட்டிக்கொடுக்க நினைக்கவில்லை, வாய் தவறிவிட்டது. "வாரத்துல மூணு நாள் அண்ணன் முனையில பஸ் ஏறிப் போயிடுவாரு" என்றார். நடக்கப் போகிறவன் பஸ் ஏறிப் போவானா? என் காதில் பூ சுற்றாதீர்கள்.

வெளிப்படையாகவே எழுதுகிறேன். தைக்க வருகிற பெண்கள் கடையில் உட்கார்ந்து பேசுவதை எல்லாம் கேட்கிறேன். ஒரு ஆண்பிள்ளை இந்த வயதில் திடீரென்று தலை வாரி, வயிற்றைக் குறைத்து, படியேறிக் குதிக்கிறான் என்றால் அவர்கள் ஒரே காரணம்தான் சொல்வார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன். இப்போது மெஷினைப் பார்த்துக் குனிந்துகொள்கிறேன். நேற்று ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. யாருக்காக இளைக்கிறீர்கள்? அதைச் சொல்லுங்கள். அளவுக்கு இப்போது போடுகிற பழைய பேண்ட் ஒன்றை அனுப்புங்கள், வாய் வார்த்தையை நம்பித் தைக்க மாட்டேன்.

வீட்டுக்காரி
(இன்னும் அப்படித்தானே?)


மார்ச் 16

என் வீட்டுக்காரிக்கு,

அப்படித்தான். என்றைக்கும் அப்படித்தான். அடைப்புக்குறிக்குள் எல்லாம் என்னைக் குத்தாதே.

பஸ் ஏறுவது உண்மை. கிடங்குப் பக்கம் லாரியும் தூசியும். ஊரின் மறுபக்கம் போனால் மரமிருக்கிற பெரிய மைதானம், அங்கே நடப்பது சுகம்.

உனக்குச் சந்தோஷமான செய்தி ஒன்று: எடை இறங்குவது நின்றுவிட்டது. மூன்று வாரமாக முள் அசையவில்லை. அந்த ஆத்திரத்தில் கிடங்கு அலமாரியில் இருந்த பிஸ்கட் பாக்கெட்டை நின்றபடியே காலி செய்தேன், அடியில் கிடந்த தூளைக்கூட விடவில்லை. பிறகு அழுகையே வந்துவிட்டது. "ஒரு வேளை தப்பினா என்ன, அடுத்த வேளை ஒழுங்கா சாப்பிடுங்க. அதுக்காக நாளைக்குப் பட்டினி கிடக்காதீங்க" என்று சொன்ன பிறகுதான் மனது ஆறியது. எடை அப்படித்தான் கொஞ்ச நாள் நின்றுவிட்டு அப்புறம் இறங்குமாம்.

பழைய பேண்டை டிரைவர் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன். அவரை ரொம்பக் குடையாதே, நல்ல பிள்ளை. சந்தேகப்படுவதானால் என்மேல் படு, ஆனால் வேளாவேளைக்குச் சாப்பிட்டுவிட்டுப் படு.

உன்
பிஸ்கட் திருடன்


மார்ச் 25

"சொன்ன பிறகுதான் மனது ஆறியது" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் சொன்ன பிறகு? அதை விட்டுவிட்டீர்கள்.

பரவாயில்லை, பேண்ட் சொல்லிவிட்டது.

மூட்டையைப் பிரித்து மேசையில் விரித்தேன். இடுப்புப் பட்டியைப் பிரித்து, இரண்டு பக்கமும் உள்ளே பிடித்துக் கையாலேயே தைத்திருக்கிறது. நீங்கள் தைத்தது என்று சொல்லிவிடாதீர்கள், உங்களுக்குப் பட்டன் வைக்கத் தெரியாது. தையல்கடையில் கொடுத்தது என்றும் சொல்லாதீர்கள், கடைக்காரன் மெஷினில் ஓட்டியிருப்பான். இது வீட்டில் உட்கார்ந்து, நிதானமாக, உங்கள்மேல் அக்கறை உள்ள ஒருத்தி தைத்தது.

பிறகு துணியைத் திருப்பி, நூல் முடித்த இடத்தைப் பார்த்தேன். எல்லோரும் அந்த இடத்தில் முடிச்சுப் போடுவார்கள். முடிச்சு இடுப்பில் உறுத்தும் என்று சொல்லி, முடிச்சே இல்லாமல், வந்த வழியே சின்னச் சின்னதாகத் திரும்பித் தைத்து, கடைசித் தையலைச் சாய்த்துப் போட்டு நூலைத் துணிக்குள் ஒளிக்கச் சொல்லித் தந்தது எங்கள் அம்மா. இரண்டு பேருக்குத்தான் சொல்லித் தந்தாள். ஒருத்தி நான்.

உங்களை அந்த ஊருக்கு மாற்றியபோது என்ன சொல்லி அனுப்பினேன்? அவள் இருக்கிற தெருப்பக்கம் கால் வைக்கக் கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கினேனே! அம்மா படுக்கையில் கிடந்தபோது, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால், "உன் உடம்பையே உன்னால தூக்க முடியல, நீ எங்க அம்மாவத் தூக்கப் போற" என்று சொல்லிவிட்டு வண்டி வைத்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனவள் அவள். அதற்கப்புறம் நான் அம்மாவைப் பிணமாகத்தான் பார்த்தேன். ஏழு வருஷமாகிறது. அவள் வீட்டில் போய் உட்கார்ந்து பேண்டைக் கழற்றித் தைக்கக் கொடுக்கிற அளவுக்கு என்ன உறவு? உங்களை மெலியச் சொல்லி என்னைக் குத்திக் காட்டுகிறாளா?

மூன்று வரியில் பதில் வரட்டும். நார்ச்சத்துக் கதை வேண்டாம்.


ஏப்ரல் 2

என் உயிருக்கு,

மூன்று வரியில் எழுதுகிறேன். உன் அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று நாள் மெஷினில் படுக்கவைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். என்னுடைய சிறுநீரகம் ஒன்றை அவளுக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

இனி மன்னித்துவிட்டுப் படி. சோதனைக்குப் போன அன்று ஆஸ்பத்திரி நடைபாதையில் ஒரு பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். எனக்கு அடையாளமே தெரியவில்லை. "தம்பி" என்ற பிறகுதான் தெரிந்தது. அவள் வீட்டுக்காரரும் இறந்துவிட்டார், பிள்ளையும் இல்லை. தனியாகப் பஸ் ஏறி வந்து, படுத்து, தனியாகப் பஸ் ஏறிப் போகிறாள். எப்படிப் பார்த்துவிட்டுச் சும்மா வருவது, நீயே சொல். அந்த மூன்று நாளும் கூடப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிறேன். அங்கே சத்துணவு சொல்லித் தருகிற பெண்ணிடம் எனக்காகக் கேட்டு அவள் எனக்குச் சொன்னாள். அவளுக்கு விலக்கிய காய்கறிகூட எனக்கு விதி. மெஷினில் படுத்தபடி என் தட்டில் என்ன இருந்தது என்று கேட்பாள். பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள், அந்த விஷயத்தில் நீங்கள் இருவரும் ஒரே அச்சு.

ரத்த வகை சேர்ந்தது. "இந்த எடையில உங்கள அறுக்க மாட்டோம்" என்றார் டாக்டர். பட்டினி கிடந்து குறைத்தால் அதுவும் செல்லாது, உடம்பு தேறித்தான் குறைய வேண்டும் என்றார். யாருக்காக இளைக்கிறீர்கள் என்று கேட்டாயே. இதற்காகத்தான். எனக்காக என்றால் இரண்டாவது மாடியிலேயே விட்டிருப்பேன்.

அவள் என்னிடம் கேட்கவில்லை. நான் சொன்னபோது வேண்டாமென்று அழுதாள். "அவளுக்குத் தெரியாம ஒண்ணும் வேண்டாம் தம்பி, அவ சரின்னு சொல்லணும்" என்றாள். உன்னிடம் சொல்ல எனக்குத்தான் தைரியம் வரவில்லை. மனைவி நேரில் வந்து சம்மதம் சொல்லாமல் ஆஸ்பத்திரியிலும் செய்ய மாட்டார்கள். இன்னும் நாலு கிலோ குறைய வேண்டும். அதற்குள் நீ ஒரு வார்த்தை சொல்.

நீ வேண்டாம் என்றால் நான் கொடுக்க முடியாது. அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

உன்
நான்


மே 11

என் வீட்டுக்காரருக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாகப் பதில் போடவில்லை. துடித்திருப்பீர்கள். நன்றாகத் துடியுங்கள்.

உங்கள் கடிதம் வந்த பிறகு மூன்று நாள் கடை திறக்கவில்லை. முதல் நாள் உங்கள்மேல் கோபம். இரண்டாம் நாள் அவள்மேல். மூன்றாம் நாள் குட்டி தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அம்மா, பெரியம்மா செத்துப்போனா நீ யார்கிட்ட கோபமா இருப்பே?" என்று கேட்டாள். இந்தக் காலத்துப் பெண்களுக்கு வாய் இருக்கிறதே! நான் ஓங்கி அறைய வேண்டும் என்றுதான் எழுந்தேன். அவள் தோளில் சாய்ந்து அழுதுவிட்டேன்.

சரி, இப்போது நான் கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். நீங்கள் யார் நடுவில்? நேற்று வந்த மாப்பிள்ளை. ஒரே வயிற்றில் பிறந்தவள் நான் ஒருத்தி கல்லுக்குண்டாக இங்கே இருக்கிறேன். என் அக்காவுக்குக் கொடுக்க என்னிடம் இல்லையா? என்னைக் கேட்க வேண்டும் என்று உங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை, சம்மதம் சொல்ல மட்டும் நான் வேண்டுமா? என்னைப் பற்றி நீங்களும் அவளைப் போலத்தான் நினைத்துவிட்டீர்கள். அதுதான் எனக்கு வலித்தது, மற்றதெல்லாம் அப்புறம்.

யாரையும் நம்பாமல் நானே இங்கே ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரத்த வகை அவளுடையதேதான், அது பிறந்ததிலிருந்தே தெரியும். சர்க்கரை இல்லை, அழுத்தம் இல்லை. "கூடப்பிறந்தவங்கன்னா இன்னும் நல்லது, ஆனா எடை குறையணும்மா" என்றார் டாக்டர். அடுத்து அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். தட்டில் பாதி காய்கறி, கால்வாசி சோறு என்று நானே ஒப்பித்தேன். "யாரு சொல்லித் தந்தா?" என்றார். வீட்டில் பெரியவர்கள் என்று சொல்லி வைத்தேன்.

நடக்கிறேன். கடை திறப்பதற்கு முன்னால் குட்டியும் நானும். முதல் நாள் பள்ளிக்கூட மதில் வரைக்கும்கூடப் போக முடியவில்லை, மூச்சு வாங்கிப் பூட்டிய ஒரு கடைவாசலில் உட்கார்ந்தேன். பால்காரர் பார்த்துவிட்டார், ஊருக்கே சொல்லியிருப்பார். சொல்லட்டும். இப்போது மதிலைத் தாண்டித் தபால் நிலையம் வரை போய்த் திரும்புகிறோம். போன வாரம் கடைக்கு வந்த ஒருத்தி இனிப்புப் பெட்டி கொடுத்தாள். இரண்டு தின்றேன், மூடி வைத்தேன், அடுத்த வேளை ஒழுங்காகச் சாப்பிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து மெஷின் மிதிப்பது உடற்பயிற்சி ஆகாதாம், அந்த டாக்டர்மேல் எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

இதுவரை இரண்டரைக் கிலோ. நம்பாவிட்டால் குட்டியைக் கேளுங்கள், தராசில் நான் சுவரைப் பிடித்துக்கொள்கிறேனா என்று குனிந்து பார்த்துத்தான் அவள் முள்ளைப் படிக்கிறாள்.

பேச்சு இதுதான். அவள் உடம்பு தாங்காது, அவசரம் என்று டாக்டர்கள் சொன்னால் நீங்கள் கொடுங்கள். அன்றே பஸ் ஏறி வந்து சம்மதம் சொல்கிறேன், தடுக்க மாட்டேன். ஆனால் அதற்குள் நான் தயாராகிவிட்டால் நீங்கள் ஒதுங்கி நிற்க வேண்டும். அது என் இடம். போட்டிக்காக அங்கே பட்டினி கிடந்து எடையைக் குறைத்து என்னை முந்தப் பார்க்காதீர்கள், தெரிந்தால் தொலைத்துவிடுவேன்.

அவளிடம் சொல்லுங்கள், எனக்குக் கோபம் தீரவில்லை. அம்மாவை அப்படி எடுத்துக்கொண்டு போனதற்கு நேருக்கு நேர் நின்று கேட்க எவ்வளவோ இருக்கிறது. அவள் பதில் சொல்லத் தெம்போடு இருக்க வேண்டும்.

அவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? மெஷினிலிருந்து எழுந்ததும் தலை சுற்றுகிறதா? பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கிறதா? எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று நீங்கள் எழுதுவீர்கள், நான் நம்ப மாட்டேன். அவளையே எழுதச் சொல்லுங்கள்.

உங்கள்
வீட்டுக்காரி