யூனிஃபார்ம் போட்ட படம்

786
கராமா, துபாய்
1.6.2003

என் வயிற்றில் பிறந்த ஆபிதாவுக்கு உம்மா பத்ருன்னிசாவின் ஸலாம். மாப்பிள்ளைக்கும் சொல்.

இங்கே உன் தம்பி கௌஸ் வீட்டில் எல்லோரும் சுகம். அவன் மகள் ருமைஸா பத்தாம் வகுப்பில் கணக்குக்கு நூற்றுக்கு நூறு. ஸ்கூல் போர்டில் பெயர் எழுதியிருக்கிறார்கள், நானே போய்ப் பார்த்தேன். அவள் அண்ணன் சாகிர் அல் குசைஸில் சூப்பர்வைசர் ஆகிவிட்டான், அவனுக்குக் கீழே பன்னிரண்டு பேர். அடுத்தது உன் மகன் உஸைர். நம் குடும்பத்தில் ஆகாயத்தில் ஏறி விமானம் ஓட்டியவன் அவன் ஒருவன்தான். உங்கள் ஊர் விமானப்படையில் ஆஸ்திரேலியாக்காரனே அவனுக்குச் சல்யூட் அடித்தான்.

போனில் பேசலாமே என்கிறாள் ருமைஸா. போன் செய்தால் மாப்பிள்ளைதான் எடுக்கிறார், நீ தூங்குவதாகச் சொல்கிறார். எந்நேரமும் யாரம்மா தூங்குவார்கள்? அதனால்தான் இந்த அஞ்சாம் வகுப்புக்காரி பேனா பிடித்தேன். பிழையைப் பொறுத்துக்கொள்.

ஈராக் சண்டைக்கு வந்ததும் உஸைர் போன் செய்தான். "உம்மம்மா, ஒரு மணி நேரத் தூரத்துலதான் இருக்கேன். லீவு கிடைச்சா வர்றேன், இடியாப்பம் அவிச்சு வைங்க" என்றான். நான் பாவி, "வா வாப்பா, ஆனா யூனிஃபார்மோட வந்துடாதே" என்றேன். சிரித்துக்கொண்டே, "சரி, லுங்கி கட்டிக்கிட்டு வர்றேன்" என்றான். அதற்குப் பிறகு அவன் குரல் இல்லை.

எதிர் வீட்டில் இருப்பது பாக்தாத் குடும்பம். அந்த அம்மா தினமும் டிவி முன்னால் அழுதாள். உஸைர் குண்டு போட்டானா என்று நான் அவனிடம் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கமாட்டேன். பயத்தில், நீ அனுப்பிய யூனிஃபார்ம் படத்தைக் கத்தரியால் கழுத்துக்குக் கீழே வெட்டிவிட்டேன். முகம் மட்டும் என் பர்ஸில் இருக்கிறது. பேரன் பயணிகள் விமானம் ஓட்டுகிறான் என்றே எல்லோரிடமும் சொல்லிவைத்தேன்.

அவன் இறந்த நாற்பதாம் நாள் யாசீன் ஓத வந்த பெண்கள், எந்த ஏர்லைன்ஸ், நியூஸில் வரவே இல்லையே என்றார்கள். கௌஸ் பெண்டாட்டி ஃபஸ்னா, கார் ஆக்ஸிடென்ட் என்று சொல்லிவிட்டாள். நானும் தலையாட்டினேன். விமானத்தோடு கடலில் விழுந்த பிள்ளையை ரோட்டில் சாகடித்துவிட்டோம். அது போதாதென்று அன்றைக்கே உனக்குப் போன் செய்து, வந்தவர்களுக்குக் காட்ட சாதாரணச் சட்டை போட்ட படம் ஒன்று அனுப்பு என்று கேட்டேன். அன்றோடு நீ பேச்சை நிறுத்தினாய். நியாயம்தான்.

களைத்துப்போனேன் ஆபிதா. பொய்யைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி இறங்க முடியவில்லை. இனி யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்வேன். எதிர் வீட்டு அம்மாவிடமும் நானே போய்ச் சொல்வேன். அவள் கதவைச் சாத்தினால் சாத்தட்டும், அவள் துக்கம் அவளுக்கு.

அல்லாஹ் உஸைரின் கபுரை விசாலமாக்கட்டும். உனக்குத் தூக்கத்தைத் தரட்டும், நிஜத் தூக்கத்தை.

புதிதாக ஒரு படம் அனுப்பு. முழுப் படம், யூனிஃபார்மோடு, பின்னால் விமானமும் தெரியட்டும். கௌஸ் கம்பெனி போஸ்ட் பாக்ஸுக்கே போடு. மடங்காமல் அட்டை வைத்து அனுப்பு. இந்தத் தடவை வெட்டமாட்டேன்.

உன் உம்மா